கலைவிழாக் கணக்கை யார் எழுதுவது?

நான் படித்த பீடத்து மாணவர் பத்திரிகைக்கு இப்போது இதழாசிரியராக இருக்கும் தங்கச்சி ஒருத்தி போன மாதம் இரவு பத்து மணிக்கு அழைத்தாள். "அண்ணா, ஒரு சிக்கல். கலைவிழாக் கணக்கு இன்னும் வைக்கேல்ல. அதைப் பற்றி எழுத வேணும். ஆனா தமிழ் மன்றப் பொருளாளர்தான் எங்கட செய்தி ஆசிரியர். இப்ப என்ன செய்யிறது?"

பாடப்புத்தகத்தில் இதற்கு நலன் முரண் என்று பெயர். எங்கள் வட்டத்தில் "எங்கட ஆள்" என்பார்கள். கொழும்பில் தமிழில் எழுதும் மாணவர் கூட்டம் சிறியது. வெள்ளவத்தையில் ஒரே அறையில் நான்கு பேர் வாடகைக்கு இருப்பார்கள். அதில் ஒருவர் பத்திரிகை, ஒருவர் மன்றச் செயலாளர், ஒருவர் விவாத அணி, மற்றவர் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர். யாரைப் பற்றி எழுதினாலும் அது யாரோ ஒரு எங்கட ஆளைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதே கேள்வி முன்பு எனக்கும் வந்தது. அப்போது நான் சொன்ன பதில்: "அடுத்த இதழில் பார்ப்போம்."

நான் அந்த வருடம் மலர்க்குழுவில் இருந்தேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு காலி வீதியில் புடவைக்கடை, நகைக்கடை என்று ஏறி இறங்கி, முழுப்பக்கம், அரைப்பக்கம் என்று விளம்பரம் கேட்டவர்களில் நானும் ஒருவன். விழா முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, இரண்டாம் வருடத் தம்பி ஒருவன் கன்டீனில் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். விழா மலரை மேசையில் வைத்தான். ஒவ்வொரு விளம்பரத்தின் மூலையிலும் பென்சிலால் ஒரு சின்னச் சரி. பக்கத்தில் கணக்கறிக்கையின் போட்டோப்பிரதி, அதிலும் சரி. ஆறு விளம்பரங்களுக்கு மலரில் மட்டும்தான் சரி இருந்தது, அறிக்கையில் அவை இல்லை. "அண்ணா, இந்த ஆறும் எங்க?" என்றான். அவனுடைய பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. என்னுடையதும்தான்.

பொருளாளர் என் அறைத்தோழன். நான் பத்திரிகையின் துணை ஆசிரியர். நான் பொய் எழுதவில்லை, ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. அடுத்த இதழ் என்றேன், அந்த அடுத்த இதழ் வரவேயில்லை. ஆறு கடைகளும் மலரில் பெயரைப் போடச் சொல்லிவிட்டுக் காசு கொடுக்காமல் விட்டவை என்பது மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அதை எழுதியிருந்தால் ஒரு பத்தியில் முடிந்திருக்கும். எழுதாததால் "ஆறு விளம்பரக் காசை அடித்தவன்" என்ற பெயரோடுதான் என் தோழன் பட்டம் வாங்கினான். யாரைக் காப்பாற்ற நினைத்தேனோ அவனுக்குத்தான் அது போய் விழுந்தது.

அதனால் மாணவர் பத்திரிகைக்கு ஒரு விதி வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். அச்சான செய்தியை வாசகர் நம்ப முடியுமா? அந்தச் செய்தி அச்சுக்குப் போகுமா? பொதுவாக எல்லோரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எங்கட ஆள் என்பதால் செய்தி திரிவதும் உண்டுதான். ஆனால் நான் பார்த்தவரை அதைவிட அதிகம் நடப்பது, செய்தி பிறக்காமலே போவது. கையில் இருக்கும் வழிகளை இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வெளிப்படுத்தல். செய்தியின் அடியில் சாய்வெழுத்தில் ஒரு வரி: "இதை எழுதியவர் தமிழ் மன்றச் செயற்குழு உறுப்பினர்." செலவில்லை, சண்டையில்லை, யாரும் பதவி விலகத் தேவையில்லை. அமெரிக்காவின் தொழில்முறைப் பத்திரிகையாளர் சங்கத்தின் ஒழுக்கக் கோவையை, மாணவர் பத்திரிகைக்கு விதி எழுதப் புறப்படும் எல்லோரும் ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பார்கள். 2014 இல் திருத்திய அந்தக் கோவையும் வெளிப்படுத்தலைச் சொல்கிறதுதான். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். நலன் முரணைத் தவிர் என்பதுதான் அங்கே முதலில் வருகிறது, அது உண்மையில் இருந்தாலும் சரி, இருப்பதாகப் பிறருக்குத் தோன்றினாலும் சரி. தவிர்க்கவே முடியாது என்றால்தான் வெளிப்படுத்து. நாங்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். ஒரு வரியைப் போட்டுவிட்டால் என்னவும் எழுதலாம் என்று நினைக்கிறோம்.

அந்த வரிக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அறைத்தோழன் நடித்த நாடகத்துக்கு விமர்சனம் எழுதுகிறாயா, போடு. வாசகர் அதற்கேற்ப உப்புப் புளி சேர்த்துப் படித்துக்கொள்வார். தினகரனை வெளியிடும் லேக் ஹவுஸ் நிறுவனத்தை 1973 இல் அரசு எடுத்த நாளிலிருந்து, அந்தப் பத்திரிகையை வாங்குகிற வீடுகளில் அரசியல் செய்தியை இப்படித்தான் படிக்கிறார்கள். உடைமைக்காரர் யார் என்று தெரியும், அதைக் கழித்துக்கொண்டு படிப்பார்கள். மாணவர் பத்திரிகையில் யாருக்கு யார் என்ன உறவு என்று முதலாம் வருடப் பிள்ளைக்குத் தெரியாது. அந்த வரி அவர்களுக்காக.

ஆனால் காசுக் கணக்கு, தேர்தல், பகிடிவதை என்று வரும்போது அது போதாது. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். தன் பேட்ச் பையன்மேல் வந்த அப்படியான ஒரு முறைப்பாட்டைப் பற்றி எழுதிவிட்டு, அடியில் "நானும் அதே பேட்ச்" என்று போட்டால் யார் நம்புவார்? எல்லாவற்றையும்விட, அச்சாகாத செய்தியின் அடியில் எந்த வரியையும் போட முடியாது. என் ஆறு விளம்பரக் கதைக்கு வெளிப்படுத்தல் ஒரு பிரயோசனமும் செய்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டுக் கோவைகளைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது புரிவதில்லை. தேர்தலில் நிற்கிற பையனும் செய்தி எழுதுகிற பிள்ளையும் காதலிக்கிறார்கள் என்று வையுங்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. "இந்த நிருபர் வேட்பாளரின் காதலி" என்று பத்திரிகையில் அச்சடிக்கவா? அவனுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை, அவளுக்கோ படிப்பே நின்றுபோகலாம். ஆகவே வெளிப்படுத்தல் இரண்டு வகை என்று எழுதிவைக்க வேண்டும். இதழாசிரியரிடம் சொல்வது ஒன்று, அது கட்டாயம். அங்கேயும் "இந்தச் செய்தியை நான் தொடக்கூடாது" என்றால் போதும், காரணத்தை யாரும் தோண்டக்கூடாது. மற்றது வாசகரிடம் சொல்வது. பதவி, காசு, குடும்பத் தொழில் போன்றவற்றுக்கு மட்டும் அது.

ஒதுங்குவது கௌரவமான வழி. தேசியப் பத்திரிகையில் முப்பது, நாற்பது நிருபர்கள் இருந்தால் அது சரிவரும். எங்கள் பத்திரிகையில் ஆறு பேர். ஆறில் நான்கு பேர் தமிழ் மன்றத்தில், ஐந்தாவது ஆள் பொருளாளரின் ஊர்க்காரி, மிஞ்சிய ஒருவர் வடிவமைப்பாளர். எல்லோரும் ஒழுக்கமாக ஒதுங்கினால் செய்தியும் ஒழுக்கமாகச் செத்துப்போகும். நடைமுறையில் ஒதுங்கியவர் முழுதாக ஒதுங்குவதும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இருப்பார், வரைவு வந்ததும் "தலைப்பு கொஞ்சம் கடுமையா இருக்கு போல" என்று ஒரு செய்தி போடுவார். பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு பெருமூச்சு விட்டாலே போதும், எழுதுகிற ஜூனியர் இரண்டு வாக்கியத்தை வெட்டிவிடுவான். ஒதுங்குவதென்றால் அந்தச் செய்தி முடியும்வரை அந்தக் குழுவில் இருந்தும் வெளியேற வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் ஒதுங்கல்.

நான் சார்ந்து நிற்பது கைமாற்றுதல். ஒதுங்குதலுக்கும் இதற்கும் வித்தியாசம் சின்னதுதான், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒதுங்குகிறவர் தன் கையைக் கழுவுகிறார். கைமாற்றுகிறவருக்குச் செய்தியை இன்னொருவர் கையில் சேர்க்கும் வரை பொறுப்பு இருக்கிறது. பெரும்பாலானவர்கள் எழுதும் வேலையை மட்டும் மாற்றிவிட்டு, திருத்தும் வேலையையும் எந்த இதழில் போடுவது என்ற முடிவையும் பழைய கையிலேயே விட்டுவிடுகிறார்கள். நான் செய்த பிழையும் அங்கேதான். எழுத வந்தவன் அந்தத் தம்பி, திகதி மட்டும் என் கையில் இருந்தது. அந்தத் திகதியை வைத்தே நான் செய்தியைக் கொன்றேன். மூன்றும் சேர்ந்து போனால்தான் அது கைமாற்றம்.

யார் கைக்கு? கொழும்பில் இருக்கிற நன்மை இது: எங்கள் வட்டம் சிறியது, வளாகம் பெரியது. கலைப்பீடத்து விஷயத்தை விஞ்ஞான பீடத்துத் தமிழ் மாணவருக்குக் கொடுக்கலாம். இன்னும் ஒரு படி போய், சிங்கள அல்லது ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதுகிற ஒருவருக்கும் கொடுக்கலாம். தமிழ் மன்றத்தில் யார் யாருக்கு மச்சான் என்று அவருக்குத் தெரியாது, தெரியாததுதான் வேண்டும். பற்றுச்சீட்டின் இலக்கங்களை எண்ணத் தமிழ் தேவையில்லை.

இதற்கும் விலை உண்டு. "வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுபோகிறாய்" என்று ஒரு சத்தம் கட்டாயம் எழும். தமிழ் மாணவர் விஷயத்தை வேறு மொழிக்காரர் கையில் கொடுத்தாய் என்ற பழி, இந்த நாட்டில் லேசான பழி அல்ல. வெளியில் இருந்து வருகிறவருக்குச் சில நுணுக்கங்கள் தவறியும் போகும். கடைக்காரர்கள் மலருக்குக் காசை உடனே தருவதில்லை, தைப்பொங்கல் வரும், தீபாவளி வரும் என்று இழுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அது தெரியாமல் எழுதினால் ஒரு நிலுவை திருட்டாகிவிடும். அதனால் முதலில் வேறு பீடத்துத் தமிழ் மாணவர், அவர் கிடைக்காவிட்டால் மட்டும் மற்ற மொழிப் பக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். மன்றத்தின் பக்கத்து விளக்கத்தை எழுத்தில் வாங்கி, வெட்டாமல் போடுவது இரண்டுக்கும் பொது.

கைமாற்றத்துக்குத் துணையாக இன்னொன்றும் இருக்கிறது, மாணவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆளை நம்பி எழுதும் செய்தியில்தான் ஆள் உறவு பெரிய பிரச்சினை. ஆவணத்தை வைத்து எழுதினால் பாதி குறையும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச பல்கலைக்கழகம் ஒரு பகிரங்க அதிகார சபை. நிர்வாகம் மன்றத்துக்கு எவ்வளவு ஒதுக்கியது, எதற்கு அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் கேட்கலாம். கொடுப்பதா மறுப்பதா என்று தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாதம் ஒரு இதழ் போடுகிறவர்களுக்கு 14 வேலை நாள் பெரிய காத்திருப்பு அல்ல. பொருளாளர் யாருடைய தோழன் என்பது அந்தப் பதில் கடிதத்துக்குத் தெரியாது.

வேரிலேயே வெட்டுகிற வழி இரட்டைப் பதவித் தடை. பத்திரிகையில் இருக்கிறவர் மன்றத்தில் இருக்கக்கூடாது, தேர்தலில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். கேட்க அழகாக இருக்கிறது. நல்லாக எழுதத் தெரிந்த பிள்ளைதான் மேடை அறிவிப்பாளரும், விவாதியும், நாடகக்காரியும். அவளிடம் ஒன்றைத் தெரிவு செய் என்றால் பத்திரிகையைத்தான் விடுவாள், ஏனென்றால் பத்திரிகையில் கைதட்டல் இல்லை. மொத்தத் தடை போட்டால் பத்திரிகையில் மிஞ்சுவது எங்கும் சேராதவர்கள், அவர்களுக்கு வளாகத்தில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது.

அதனால் நான் தடையைக் குறுக்குவேன். காசைத் தொடுகிற பதவிகளும், வாக்குக் கேட்கிற பதவிகளும் மட்டும். பொருளாளர், தலைவர், செயலாளர், வேட்பாளர் ஆகியோர் அந்தக் காலத்தில் பத்திரிகையில் ஆசிரியர் பொறுப்பில் இருக்கக்கூடாது. சாதாரண உறுப்பினர், நடிகர், பாடகர் எல்லாம் இருக்கலாம். தங்கச்சி கேட்ட சிக்கல் இந்தக் குறுக்கிய தடையிலேயே தீர்ந்திருக்கும், போன வருடம் யாராவது எழுதி வைத்திருந்தால்.

வெளியாள் ஒருவரைக் கொண்டுவருவது என்று ஒரு யோசனையும் எப்போதும் வரும். விரிவுரையாளர் என்றால், மாணவர் அமைப்புகளின் சிரேஷ்ட பொருளாளரும் விரிவுரையாளர்களில் ஒருவர்தான், சில நேரம் அதே ஆள்தான். அவர்தான் பரீட்சைத் தாளும் திருத்துவார். பழைய மாணவர் என்றால் என்னைப் போன்ற ஒருவர், அதைக் கடைசியில் சொல்கிறேன். தேசியப் பத்திரிகையில் பிழை வந்தால் முறைப்பாடு செய்ய 2003 இலிருந்து பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு என்று ஒன்று கொழும்பில் இருக்கிறது. மாணவர் பத்திரிகை வாசகருக்கு இதழாசிரியரின் வாட்ஸ்அப் மட்டும்தான்.

காசு வேறு சாதி. உறவைக் கைமாற்றலாம், அனுசரணையை முடியாது. தனியார் கல்வி நிறுவனம் ஒன்று பின்னட்டையை வாங்கினால் அதன் நிழல் ஆறு பேர் மேலும் விழும். ஒரு வருடம் எங்களுக்கும் அப்படி ஒரு விளம்பரம் வந்தது. அடுத்த இதழில் அந்த நிறுவனத்தின் பட்டமளிப்பு விழா நடுப்பக்கத்தில் படத்தோடு வந்தது. யாரும் போடச் சொல்லவில்லை. போடாமல் விட்டால் அடுத்த முறை தருவார்களோ என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். இதற்கு எனக்குத் தெரிந்த வழி விளம்பரம் கேட்டுப் போகிறவரும் செய்தி எழுதுகிறவரும் வேறு ஆட்களாக இருப்பது. ஆறு பேருக்குள் அதுவும் கஷ்டம்தான், ஆனால் வடிவமைப்பாளரும் இன்னொருவரும் கடை ஏறலாம். காசு வாங்கிப் போட்ட எதிலும் "விளம்பரம்" என்ற சொல் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். நாடகத்துக்கு இலவச அனுமதிச்சீட்டு வந்தால் விமர்சனத்தில் அதைச் சொல்லலாம், முடிந்தால் காசு கொடுத்தே போகலாம். செய்தியாளர் சந்திப்பில் தருகிற ரோல்ஸும் நெஸ்கஃபேயும்? அதையெல்லாம் விதியில் எழுதினால் சிரிப்பார்கள். சாப்பிடுங்கள். பொதி தந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே பத்திரிகையின் உடைமைக்காரரே அதிபர், ஊடகக் கழகத் தலைவரே மாணவத் தலைவர். அங்கே செய்யக்கூடியது வெளிப்படுத்தல் மட்டும்தான். பெரிய கிரிக்கெட் போட்டிக்கு மலர் போடுகிறபோது அதுவும் வேண்டாம். 1879 இல் தொடங்கிய ரோயல் - தோமியன் போட்டிக்கு எந்தப் பக்கத்து மலரை வாங்கினாலும் அது எந்தப் பக்கம் என்று வாசகருக்குத் தெரியும். தெரிந்த பக்கச்சார்பு யாரையும் ஏமாற்றுவதில்லை.

சரி, தங்கச்சிக்கு அன்று இரவு என்ன சொன்னேன்? செய்தி ஆசிரியர் அந்தச் செய்தியின் எழுத்து, திருத்தம், திகதி மூன்றையும் விட வேண்டும். விஞ்ஞான பீடத்தில் ஒருவரைப் பிடி. இந்த இதழ் என்று திகதியை இப்போதே எழுதிப் பொருளாளருக்கும் காட்டு, பிறகு அதை யாரும் தள்ள முடியாது. நிர்வாகத்துக்குத் தகவல் கோரிக்கை போடு. அடுத்த வருடத்துக்குக் குறுக்கிய தடையை யாப்பில் சேர். ஒரு கொப்பியில் எல்லோரும் தங்கள் பதவி, பகுதிநேர வேலை, வீட்டுத் தொழில் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். அவள் "சரி அண்ணா, சரி அண்ணா" என்று குறித்துக்கொண்டாள். பொருளாளர் கோபிப்பாரே என்றாள். கோபிப்பார்தான். என் தோழன் இன்றுவரை என்னைக் கோபிக்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டம்.

போன கிழமை அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். முதல் வரியில் அவளுடைய பெயர்: மாமா அச்சகம் நடத்துகிறார், மலர் அங்கேதான் அச்சாகிறது. இரண்டாவது செய்தி ஆசிரியர், பொருளாளர் பதவியோடு. மூன்றாவது வரியில் என் பெயர். "ஆலோசனை கேட்ட பழைய மாணவர். முன்னாள் மலர்க்குழு உறுப்பினர்." மலர்க்குழுவில் இருந்ததை நான் அவளிடம் சொல்லவேயில்லை. நூலகத்தில் பழைய மலரைத் தேடி எடுத்துப் பார்த்திருக்கிறாள்.